ஐந்து

மூன்று முறை கழற்றி மாட்டினேன்.
லைட் இல்லை.
நாலாவது முறை ஊதிவிட்டு மாட்டினேன்,
ரவுட்டருக்குத் தொண்டையில் தூசி என்பதுபோல.
லைட் இல்லை.

பீல் நகரத்தில் ஞாயிறு இரவு.
சார்ஜர் விற்கிற ஒரு கடையும் திறந்திராது.
ரவுட்டரின் சொந்த அடாப்டர்
நீடாவில், பழைய வீட்டில்,
அலுமாரிக்குப் பின்னால் ஒரு மல்ட்டி பிளக்கில்
இன்னும் குத்தியபடி இருக்கும்.
சாவியை வெள்ளிக்கிழமையே கொடுத்துவிட்டோம்.
எல்லாம் எடுத்தாயிற்று என்று
கையெழுத்துப் போட்டவள் நான்.

காலை எட்டேகாலுக்கு எனக்கு வேலை.
எங்கோ ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்,
படுக்கையில் ஒரு பெண்,
திரையின் மூலையில் நான்.
அவர் ஜெர்மனில் கேட்பதைத் தமிழிலும்
அவள் தமிழில் சொல்வதை ஜெர்மனிலும்
கூட்டாமல், குறைக்காமல்.
இந்த நாலாம் மாடியில் ஃபோனுக்கு ஒரு கோடுதான் சிக்னல்.
வாய் அசையும் முன் முகம் உறைந்துவிடும்.

கலாபரன் தன் லேப்டாப் சார்ஜரைத் தந்தான்.
"அறுபத்தைஞ்சு வாட். ஆனைக்கே காணும்."
இரண்டு முனையிலும் ஒரே வாய் உள்ள வயர்.
ஓட்டையில் அச்சொட்டாகப் பொருந்தியது,
அதுதான் ஏமாற்றியது.
லேப்டாப்புக்கு ஓடுகிறது, ஃபோனுக்கு ஓடுகிறது,
ரவுட்டர் மட்டும் செத்த வண்டுபோல.
தோட்டின் தண்டால் ரீசெட் துளையைக் குத்தினேன்:
மூச்சே இல்லாதவனுக்கு மறதி வைத்தியம்.
வயரைப் புரட்டியும் மாட்டினேன்,
எப்படிப் புரட்டினாலும் ஒன்றுதான் என்று தெரிந்தும்.

பதினொன்றரைக்கு,
'முக்கியமில்லை' என்று நானே எழுதிய பெட்டிக்குள்
பழைய டேப்லெட்டின் சார்ஜர்.
மஞ்சளாகிப் போனது, தட்டை வாய்,
ஐந்து வோல்ட், இரண்டு ஆம்பியர்.
அதன் வயரும் அதிலேயே சுற்றியிருந்தது.
குத்தினேன்.
பச்சை.

வந்த வைஃபையிலேயே காரணம் தேடினேன்.
புதுச் சார்ஜர் எடுத்தவுடன் தராதாம்.
அந்தப் பக்கம் யார் என்று முதலில் பார்க்குமாம்.
பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று படித்த சார்ஜர்.
பதில் சொல்ல ரவுட்டருக்குள்
இரண்டு மின்தடைகள் இருந்திருக்க வேண்டும்,
ஐயாயிரத்து நூறு ஓம், எள்ளில் பாதி.
செய்தவர்கள் அந்த எள்ளில் மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.
வாய் வைத்தவர்கள் நாக்கு வைக்கவில்லை.
யானைக்குக் காணும் சார்ஜர்
அத்தனையையும் கைக்குள் பொத்திக்கொண்டு
பேசாமல் நின்றிருக்கிறது.
பழையதற்குக் கேட்கத் தெரியாது.
குத்தினால் கொடுக்கும்.
கேட்காமல் கொடுப்பது ஆபத்து என்றும் போட்டிருந்தது.
அதுவும் சரிதான்.

எட்டேகால்.
டாக்டர், நர்ஸ் ஒடில், அந்தப் பெண்.
பெயர் சொல்ல எனக்கு அனுமதி இல்லை.
"வலி எவ்வளவு? பூச்சியத்திலிருந்து பத்துக்குள்."
தமிழில் சொன்னேன்.
அவள் கூரையைப் பார்த்தாள்.
"பத்து என்றால் தாங்கவே முடியாதது."
அதையும் சொன்னேன்.
டாக்டரின் பேனை கட்டத்துக்கு மேலே நின்றது.
கட்டத்துக்கு ஓர் எண் வேண்டும்.

என் மூளை, சொன்னால் கேட்காது,
ரவுட்டரிடம் ஓடியது.
நில் என்றேன். அவள் மனுசி.
அவளுக்கு நாக்கு இருக்கிறது.
"பதில் இல்லை" என்றேன் ஜெர்மனில்.
அது சரியான மொழிபெயர்ப்பா என்று
இப்போதும் எனக்குத் தெரியாது.

ஒடில் ஒன்றும் கேட்கவில்லை.
தலையணை ஒன்றை உருவி, இரண்டாய் மடித்து,
அந்தப் பெண்ணின் முழங்காலுக்குக் கீழே கொடுத்தாள்.
"ம்" என்றது படுக்கை.
டாக்டர் அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது,
கூரையிடம் சொல்வதுபோல,
"ராத்திரி ஏழு. இப்ப அஞ்சு."

ஏழு, ஐந்து என்றேன்.
கூட்டாமல், குறைக்காமல்.

மஞ்சள் சார்ஜரில் ஒட்டுத்தாள் ஒட்டி எழுதினேன்:
ரவுட்டருடையது. கழற்றாதே.
பின்னேரம் வேலையால் வந்த கலாபரன்
அதை வாசித்துவிட்டு,
ஷூவைக்கூடக் கழற்றாமல்
தன் ஆனையைத் தேடத் தொடங்கினான்.